என்ர பொண்ணு சொன்ன ‘ம்’

சீட்டுல ஆளு வருதுங்களா? இல்லையா? அப்ப உக்காந்துக்கறனுங்க. நீங்களும் கோபிக்குத்தானுங்களா? நல்லதாப் போச்சு போங்க. கோயமுத்தூர்ல இருந்து அவ்வளவு தூரம் வாயை மூடிக்கிட்டு எப்படிப் போய்ச் சேர்றதுன்னு மலைச்சுப் போய்த்தான் பஸ் ஏறுனேன்.

பயந்துக்காதீங்க. நான் முன்ன மாதிரி பேசறதில்லீங்க. இப்பெல்லாம் நொம்பக் கொறைச்சுட்டேன். டாக்டரம்மா உத்தரவு. எனக்கு என்ன நோவுன்னு பாக்கறீங்களா? எனக்கு ஒண்ணுமில்லீங்க, வைத்தியம் எம் பொண்ணுக்கு. பொண்ணுக்கு மாத்திரை, அப்பனுக்குப் பத்தியம். இந்த அக்கிரமத்தை நீங்க எங்காச்சும் கேட்டிருக்கீங்களா?

இந்தக் கவர்ல இருக்கறது அவ மாத்திரைதானுங்க. எங்கூர் மருந்துக்கடையில இது கெடைக்கறதில்லை. டாக்டர் சீட்டு இல்லாம எங்கயும் தரவும் மாட்டாங்க. அதனால மாசாமாசம் நான் வந்து வாங்கிட்டுப் போறேன்.

எம் பேரு சென்னியப்பன். நெலம் வாங்கல் விக்கல் பாக்கறேன். புரோக்கர்னு சொன்னா எங்கூட்டுக்காரி கோகிலாவுக்குப் புடிக்காது, ரியல் எஸ்டேட்டுன்னு சொல்லச் சொல்லுவா. எதுவா இருந்தாலும் தொழில் ஒண்ணுதானுங்க, பேசறது. அதுலயும் சூட்சுமம் என்னன்னா, நான் பேசறது பெருசில்லை, எதுத்தாப்புல இருக்கறவன் சொல்ற ‘ம்’முதான் பெருசு. ‘சரி’ன்னு வாயைத் தொறந்து சொல்றவன் நாளைக்கே மாத்திப் பேசுவான். ‘ம்’முன்னு சொன்னவன் மாத்த மாட்டான். ‘ம்ம்ம்’முன்னு இழுத்தா வெலை பத்தலைன்னு அர்த்தம். மூக்குக்குள்ள ‘ம்க்கும்’முன்னா செருப்பை மாட்டிக்கிட்டு எந்திரிச்சு வந்துரோணும். சின்னதா, அடிச்சு எறக்குன மாதிரி ஒரு ‘ம்’ வந்துதுன்னு வைங்க, முடிஞ்சுது, பத்திரத்துக்கு நாள் பாத்துக்கலாம். இருவது வருசமா இதுலயே பொழைக்கறேன். ஒருத்தன் சொல்ற ‘ம்’முல பொய் எது, நெசம் எதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்.

பொண்ணு பேரு கனிஷ்கா. நாங்க கனின்னு கூப்புடுவோம். நாலாவது படிக்கறா. ஒரு எடத்துல உக்கார மாட்டாளுங்க. சோத்துத் தட்டைக் கையில எடுத்துக்கிட்டு ஓடுவா. ஓடுனவ தட்டை எங்க வெச்சான்னு மறந்துருவா. அப்படி மறந்த தட்டு ஒண்ணு, ரசத்தோட, என்ர வண்டிப் பெட்டிக்குள்ள இருந்துச்சு. ஒரு பார்ட்டிகிட்ட பத்திரத்தை எடுத்துக் காட்டலாம்னு தொறந்தப்பத்தான் தெரிஞ்சுது. பத்திரம் இன்னும் புளிப்பு வாசந்தான் அடிக்குது. பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தறப்ப ஜன்னல் கம்பியில ஏறி உக்காந்துக்குவா. புத்தி இல்லாத புள்ளையில்லீங்க. ஜன்னல்ல உக்காந்துக்கிட்டே கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்லுவாளாம், அதுதான் டீச்சருக்கு இன்னும் எரிச்சல்.

ஊர்ல எல்லாத்துக்கும் அவ ஓடறது வருத்தம். எனக்கு வருத்தம் வேறங்க. நான் ஊரெல்லாம் பேசிப் பொழைக்கறவன், ஊட்டுக்கு வந்தா ஒருத்தர் காது குடுக்கறதில்லை. ‘இன்னிக்கு என்னாச்சு தெரியுமா’ன்னு ஆரம்பிச்சாப் போதும், கோகிலா மிக்சியைப் போட்டுருவா. அரைக்கறதுக்கு ஒண்ணும் இல்லாட்டியும் போடுவா. வெறும் ஜாரு சுத்தும். சரி, பெத்த பொண்ணுகிட்டயாச்சும் சொல்லலாம்னு கூப்புட்டா, நான் ஒரு வரி முடிக்கறதுக்குள்ள அவ அடுத்த ஊட்டுக் காம்பவுண்டு மேல நிப்பா.

அப்பறம் கோகிலாதான் புடிவாதமாக் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டு வந்தா. டாக்டரம்மா அவகூட வெளையாடுனாங்க, எங்ககிட்டக் கேள்வி கேட்டாங்க, டீச்சர்கிட்ட எழுதி வாங்கச் சொன்னாங்க. கடைசியா இங்கிலீசுல நாலு எழுத்துச் சொன்னாங்க, ஏடிஹெச்டி. மனசு ஒண்ணுல நிக்காதாம், உடம்பும் நிக்காதாம். அவ வேணும்னு பண்றதில்லைன்னாங்க. காத்தால ஒரு மாத்திரை எழுதிக் குடுத்தாங்க.

மாத்திரை போட ஆரம்பிச்சதுல பசி கொஞ்சம் கொறைஞ்சுது. ஆனா புள்ளை உக்காந்தாளுங்க! பொழுதோட வாசப்படியில உக்காந்து ஹோம் ஒர்க் எழுதறா. எனக்குக் கண்ணை நம்ப முடியலை. பக்கத்துல போய் உக்காந்து, சும்மா ஒரு பேச்சுக்கு, ‘அம்மிணி, இன்னிக்கு நம்பியூர்ல ஒரு தோட்டம் பாத்தேன்’னேன்.

‘ம்’முன்னா.

தூக்கிவாரிப் போட்டுச்சுங்க எனக்கு. ‘கெணத்துல தண்ணி கெடக்குது, ஆனா வண்டி போக வழியில்லை’ன்னேன். ‘ம்.’ ‘வழி இல்லாத தோட்டத்தை எவன் வாங்குவான்?’ ‘ம்.’ அட சாமி! நான் மூச்சு வாங்கறதுக்கு நிறுத்துனாக்கூட ‘ம்’ங்கறா. மேல சொல்லுங்கப்பான்னு அர்த்தம். கண்ணுல தண்ணியே வந்துருச்சு. மாத்திரை கண்டுபுடிச்சவன் நல்லா இருக்கோணும்னு அந்த எடத்துலயே கும்புட்டேன்.

அன்னையில இருந்து ஊட்டுக்கு வந்ததும் கனிகூடத்தான். நான் பாத்த நெலம், பாக்காத நெலம், கோர்ட்டுல கெடக்கறது, என்ர கல்யாணத்துல மைக்செட்டுக்காரன் பண்ணுன தகராறு, அத்தனையும் சொன்னேன். எல்லாத்துக்கும் ‘ம்’. நடுநடுவுல கண்ணை இறுக்கி மூடித் தொறப்பா. சம்பவத்தை மனசுல வாங்கறான்னு நெனச்சுக்கிட்டேன்.

கோகிலாதான் மொதல்ல ஆரம்பிச்சா. ‘ஏனுங்க, அவ நீங்க இல்லாதப்பவும் ‘ம்’ங்கறாளுங்க. குளிக்கறப்ப ‘ம்’ங்கறா. தோசையைப் பாத்து ‘ம்’ங்கறா.’

‘தோசை நல்லா இருந்திருக்கும்.’

‘வெளையாடாதீங்க. போன்ல பாத்தேன். டிக்குன்னு ஒண்ணு இருக்குதாம்.’

‘டிக்குன்னா நல்லதுதானே கோகிலா? நோட்டுல சரியா இருந்தாத்தானே டிக்கு போடறாங்க?’

அந்தப் பார்வை பாத்தா பாருங்க. எனக்கு ஒருத்தி காது குடுக்கறது அவளுக்குப் பொறுக்கலை. பொறாமைங்க, வேற என்ன?

அதுக்குள்ள பள்ளிக்கூடத்துல ஒரு கூத்து. கிளாஸ்ல சுவத்துக் கடியாரத்தை யாரோ பந்தடிச்சு ஒடைச்சுட்டாங்க. டீச்சர் வரிசையா நிக்க வெச்சு, ‘யாரு ஒடைச்சது?’ன்னு கேட்டிருக்காங்க. எல்லாரும் கம்முனு நிக்கறப்ப எம் பொண்ணு ‘ம்’முன்னுருக்கா. ‘நீதானா?’ ‘ம்.’ ‘தைரியமா ஒத்துக்கறயா?’ ‘ம்.’ வெளிய நிறுத்திட்டாங்க. நான் போனேன். ‘ஒடைச்சாளோ ஒடைக்கலையோ, ஊர்ல எவன் புள்ளை இப்படி ஒத்துக்கும்? நேர்மைக்குப் பரிசு குடுக்கறதை உட்டுப் போட்டு வெளிய நிறுத்துவீங்களா?’ன்னு ஒரு புடி புடிச்சுட்டு வந்தேன். டீச்சர் என்னமோ சொல்ல வந்தாங்க. நான் பேச உட்டாத்தானே.

அடுத்த தடவை டாக்டர்கிட்டப் போறப்ப கோகிலாவுக்குக் காச்சல். நான் மட்டும் கனியைக் கூட்டிட்டு வந்தேன். ‘புதுசா ஏதாச்சும் சத்தம், கண் சிமிட்டல், தோள் குலுக்கல் இருக்குதா?’ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. ‘ஒண்ணுமில்லீங்க, முன்னைக்கு இப்ப நல்லாக் காது குடுத்துக் கேக்கறா’ன்னேன். அந்த அறைக்குள்ள இருந்த வரைக்கும் அவளும் ஒரு ‘ம்’முகூடச் சொல்லலை. உதட்டைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. வெளிய வந்ததும் சேத்து வெச்சு ‘ம் ம் ம்’முன்னு லிப்டு வரைக்கும் சொன்னா. டாக்டரம்மா கேட்டதுக்கெல்லாம் வெளிய வந்து பதில் சொல்றா, கூச்ச சுபாவம்னு நெனச்சேன்.

இதெல்லாம் கெடக்கட்டும். நம்பியூர்ப் பக்கம் அண்ணன் தம்பி ரண்டு பேரு, பூர்வீகத் தோட்டத்தைப் பாகம் பிரிக்கோணும். கெணறு யாருக்குன்னுதான் சண்டை. நான் நடுவுல நின்னு பேசறேன். அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, கோகிலா ஒரு விசேசத்துக்குப் போயிட்டதால கனியையும் கூட்டிட்டுப் போனேன். அண்ணங்காரப் பெரியவருக்குப் பின்னால கட்டில்ல உக்கார வெச்சேன்.

பேசிப் பேசிப் பெரியவரை ஒரு வழிக்குக் கொண்டாந்துட்டேன். கடைசியாக் கேட்டேன், ‘அண்ணா, கெணறு தம்பிக்கு. நீங்க பைப் போட்டுத் தண்ணி எடுத்துக்குங்க. சம்மதந்தானுங்களா?’ பெரியவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

‘ம்.’

அடிச்சு எறக்குன ‘ம்’! இருவது வருசத்துல அப்படி ஒரு ‘ம்’மை நான் கேட்டதில்லை. தம்பி ஓடிவந்து அண்ணன் கால்ல உழுந்துட்டான். தம்பி சம்சாரம் சக்கரைத் தட்டை எடுத்துட்டு வந்துருச்சு. பெரியவர் எந்திரிச்சு, ‘நான் எங்கடா சொன்னேன்?’ங்கறாரு. அவரு வாயைத் தொறந்து நிக்கறப்பவே பின்னால இருந்து மறுபடி ‘ம்’. எல்லாரும் ஒட்டுக்காத் திரும்பிப் பாத்தாங்க.

பெரியவரு என்ன சொன்னாருங்கறீங்க? ‘புள்ளைக்கு ‘ம்’ சொல்லப் பழக்கிக் கூட்டிட்டு வந்திருக்கான்டா புரோக்கரு!’ கால்ல உழுந்த தம்பி எந்திரிச்சு, இது புரோக்கரு வேலைதான்னு எம் மேலயே பாயறான். சக்கரை பூராத் தரையில. பாகமும் போச்சு, என்ர மானமும் போச்சு.

வண்டியில வர்றப்ப நான் ஒண்ணும் பெருசாத் திட்டலீங்க. என்ர தொண்டை கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். நம்பியூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுச்சுன்னு ஒருத்தர் அப்பறம் சொன்னாரு, அது அவரு கூட்டிச் சொல்றது. ‘இனி ஒரு ‘ம்’ சொன்னீன்னா எறக்கி உட்டுருவேன்’னு மட்டும் சொன்னேன். அம்புட்டுத்தான். முன்ன விட வேகமா வருது. ம். ம். ம். ம். திரும்பிப் பாக்கறேன், ரண்டு கையாலயும் வாயை அமுக்கிக்கிட்டு உக்காந்திருக்கா. கண்ணுல தண்ணி கொட்டுது. அந்த அழுகைக்கு நடுவுலயும் வெரலுச் சந்துல ‘ம்’ வருது.

வண்டியை ஓரங்கட்டுனேன்.

‘அப்பா, நான் சொல்லலீங்கப்பா. அதுவா வருதுங்கப்பா’ன்னா.

ரோட்டோரத்துலயே உக்காந்துட்டேன். இத்தனை நாளா எனக்கு ‘ம்’ கொட்டுனது எம் பொண்ணு இல்லை. அவ எங்கயோ இருந்திருக்கா, நான் அந்தச் சத்தத்துகிட்ட உக்காந்து என்ர கல்யாணக் கதையைச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். புள்ளை நோவுல கெடக்குது, அப்பன் அதைக் கேட்டுச் சந்தோசப்பட்டிருக்கேன். அன்னிக்கு அழுதது மாதிரி எங்கய்யன் செத்தப்பகூட நான் அழுகலை.

ஆனா அவிநாசி வந்துருச்சு பாருங்க. இனி வண்டி வெரசாப் போயிரும், நான் சுருக்கமா முடிச்சர்றேன்.

ஊட்டுக்கு வந்ததும் நானே மாத்திரையை நிறுத்திப் போட்டேன். யாரையும் கேக்கலை. மாத்திரையாலதானே வந்துது, நிறுத்துனாப் போயிருமில்ல? போகலீங்க. ‘ம்’ அப்படியே இருக்குது, கூடவே பழைய ஓட்டமும் வந்துருச்சு. ஒரு நா கோகிலா துணி காயப்போட மாடிக்குப் போறா, அடுத்த ஊட்டு ஓட்டு மேல நின்னுக்கிட்டு கனி ‘ம்’முங்கறா. எறக்கறதுக்குள்ள தெருவே கூடிப் போச்சு. கோகிலா கத்தலீங்க, மெதுவாத்தான் சொன்னா. ‘ஏனுங்க, நீங்க நெலத்துக்குத்தானே புரோக்கரு? டாக்டருக்கும் புள்ளைக்கும் நடுவுல எதுக்குங்க புரோக்கரு?’

மறுபடி டாக்டரம்மாகிட்டப் போனோம். அவங்களும் திட்டலை. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. நெனைக்காமயே சத்தமோ அசைவோ தானா வர்றதுக்குத்தான் டிக்குன்னு பேராம், இந்த மாதிரிப் புள்ளைகளுக்கு அது வர்றது நெறையா நடக்கறதுதானாம். மாத்திரையாலதான் வந்துதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதாம், மாத்திரையே போடாத புள்ளைகளுக்கும் வருமாம். வருமாம், போகுமாம், ஒண்ணு போனா இன்னொண்ணு வருமாம். ‘அளவைக் கொஞ்சம் கொறைச்சுப் பாக்கலாம். ஒத்துவரலைன்னா வேற மருந்து இருக்குது. ஆனா நீங்களா நிறுத்தாதீங்க. நேரத்துல தூங்க வைங்க. சொல்லாத, பண்ணாதன்னு யாரும் சொல்லக் கூடாது. அடக்கு அடக்குன்னா இன்னும் சாஸ்தியாகும். கண்டுக்காதீங்க’ன்னாங்க.

அப்பறம் கனியைப் பக்கத்துல கூப்புட்டு, ‘அது வர்றதுக்கு முன்னாடி உனக்கு ஏதாச்சும் தெரியுமாடா?’ன்னாங்க.

‘தொண்டையில எறும்பு ஊர்ற மாதிரி இருக்குமுங்க.’

‘எறும்பு வந்ததும் வாயை மூடிக்கிட்டு மூக்கால மெதுவா மூச்சை இழுத்து உட்டுப் பாரு. பழகப் பழகச் சரியா வரும். எப்ப எறும்பு நெறையா வருது?’

கனி என்னைப் பாத்தா. டாக்டரம்மா, ‘அப்பா கொஞ்சம் வெளிய இருங்களேன்’னாங்க. எம் பொண்ணு என்கிட்ட எதையும் மறைக்க மாட்டான்னு நான் அசையலை.

‘அப்பா பேசறப்பங்க’ன்னா.

‘எப்ப முடியும், எப்ப முடியும்னு பாத்துக்கிட்டே இருப்பனுங்க. முடியவே முடியாதுங்க. அப்ப நெறையா எறும்பு வரும்.’

கோகிலா முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டா. டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பைத் தேடறேன்னு மேசைக்கு அடியில குனிஞ்சவங்க கொஞ்ச நேரம் எந்திரிக்கவே இல்லை. அது அவங்க கழுத்துலதான் கெடந்துச்சு. பாவம், வேலை சாஸ்தி, மறதி வந்துருது.

எந்திரிச்சு வந்து எனக்கு வைத்தியம் சொன்னாங்க. பொழுதானா ஒரு மணி நேரம் நான் கனிகூட உக்காரோணும். அவ பேசுனாக் கேக்கோணும். பேசலைன்னாச் சும்மா இருக்கோணும். நான் பேசக் கூடாது. ‘இதைச் சீட்டுல எழுதிக் குடுத்துருங்க’ன்னு கோகிலா கேட்டா. எழுதியே குடுத்துட்டாங்க, மாத்திரைக்குக் கீழ.

ஒரு மணி நேரம் பேசாம இருந்து பாத்திருக்கீங்களா? உங்களுக்குச் சுலபமா இருக்கும். எனக்கு மொத நாளு தண்ணி குடிச்சுக் குடிச்சு வயிறு ஊதிப் போச்சு. கோகிலா சமையக்கட்டுல இருந்து எட்டி எட்டிப் பாக்கறா. கனி அவபாட்டுக்கு எழுதறா, எந்திரிக்கறா, ஒரு சுத்து ஓடிட்டு வந்து மறுபடி உக்கார்றா. ஒரு வார்த்தை இல்லை.

‘ம்’ மெல்ல மெல்லக் கொறைஞ்சுது. நடுவுல தோளைக் குலுக்கறது ஒண்ணு வந்துச்சு. சாப்புட வான்னாத் தோளைக் குலுக்குவா, எனக்கென்னங்கற மாதிரி. டாக்டரம்மா சொன்னபடி கண்டுக்கலை, அதுவும் ஓஞ்சு போச்சு. இப்பவும் பரீட்சை வந்தா எறும்பு வரும். மூக்கால மூச்சு உட்டுக்குவா. பள்ளிக்கூடத்துலயும் கோகிலா போய் வெவரம் சொல்லிட்டு வந்துட்டா. என்னைக் கூட்டிட்டுப் போகலை.

நெசத்தைச் சொல்றனுங்க, அது கொறையக் கொறைய எனக்கு ஊடே வெறிச்சுனு ஆயிருச்சு. புள்ளைக்குச் சரியாவுதுன்னு சந்தோசந்தான். ஆனா தெனமும் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, இவ இனி என்கிட்ட ஒரு வார்த்தையாச்சும் பேசுவாளா, இல்லை என்னைக் கண்டாலே எறும்புதானான்னு நெஞ்சு அடிச்சுக்கும். கேக்கவும் முடியாது, பேசக் கூடாதே.

போன வாரம் ஒரு நா, பென்சிலைச் சீவிக்கிட்டே ‘அப்பா’ன்னா. நான் திரும்பிப் பாத்தேன். ‘உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். நடுவுல பேசக் கூடாது’ன்னா. தலையை ஆட்டுனேன். ‘யாருகிட்டயும் சொல்லக் கூடாது.’ அதுக்கும் ஆட்டுனேன்.

சொன்னாளுங்க. நொம்ப நேரம் சொன்னா. பள்ளிக்கூடத்துல நடந்தது கொஞ்சம், அவ மனசுல இருக்கறது கொஞ்சம். எனக்கு நடுவுல நாலு யோசனை வந்துச்சு, ரண்டு உதாரணம் வந்துச்சு, அதே மாதிரி ஒரு பார்ட்டிக்கு நடந்த சம்பவங்கூட வந்துச்சு. அத்தனையும் முழுங்கிட்டேன். சொல்லி முடிச்சுப் போட்டு, ‘அவ்வளவுதாங்கப்பா’ன்னு என்ர தோள்ல சித்தே சாஞ்சுக்கிட்டு, மறுபடி பென்சிலைச் சீவ ஆரம்பிச்சுட்டா. அவ பேசுன அத்தனை நேரத்துக்கும் ஒரு எறும்புகூட வரலைன்னு எனக்கு அப்பறந்தான் ரோசனை வந்துச்சு.

என்னதுங்க? என்ன சொன்னாளா?

நல்லாக் கேட்டீங்க போங்க! ஏறுனதுல இருந்து நான் இத்தனை சொல்லியிருக்கேன், ஜன்னலையே பாத்துக்கிட்டு வந்தீங்க. இதுக்கு மட்டும் வாயைத் தொறக்கறீங்க.

இல்லீங்க. அதை மட்டும் சொல்ல மாட்டேன். கோகிலாவே கெஞ்சிப் பாத்துட்டா, சொல்லலை. நீங்க கோபிக்குப் போய் எறங்கறதுக்குள்ள என்ர ஊட்டுச் சமாச்சாரம் வேற எது வேணுமோ கேளுங்க, ஒண்ணு உடாமச் சொல்றேன். அது எம் பொண்ணு என்கிட்டச் சொன்னதுங்க.